குற்றம்: அந்தப் பக்கம்

முள்ளோடை தாண்டி
ஆல்பேட்டை சாவடியில் நிற்கிறது பேருந்து.
காவலர் ஏறிப் பைகளை அழுத்திப் பார்க்கிறார்.
பாட்டில் என்றால் கைக்கே தெரிந்துவிடும்:
கனம், கண்ணாடி, குலுங்கும் ஒலி.
என் லேப்டாப் பையை
மேலாகத் தட்டிவிட்டு நகர்கிறார்.

உள்ளே எனக்கும் ஒரு சாவடி இருக்கிறது.

இந்தப் பக்கம் நான் எழுதியது.
எண் என்றால் எண், எழுத்து என்றால் எழுத்து,
ஓடத் தொடங்கும் முன்பே
ஒவ்வொன்றுக்கும் வகை சொல்லியாயிற்று.
அந்தப் பக்கம்,
துறைமுக ஏலக் கணக்குக்காக
ஒன்பது வருடம் முன்பு
லூர்துநாதன் எழுதிவிட்டுப் போனது.
எதையும் வாங்கும், எதையும் தரும்.
நடுவில் ஒரே ஒப்பந்தம்:
எடை கேட்டால் எண் வர வேண்டும்.

எண்ணைச் சோதிப்பது சுலபம், வந்ததும் பார்க்கலாம்.
ஒரு ஃபங்ஷனே எல்லை கடந்து வந்தால்?
குலுக்கினால் ஒலி வராது.
அழைக்கும்வரை அது என்ன தரும் என்று
யாருக்கும் தெரியாது.
அதனால் ஓர் உறை போட்டு உள்ளே விடுகிறோம்,
சந்தேகப் பயணியோடு
ஒரு காவலரையும் ஏற்றி அனுப்புவதுபோல.
அவர் மஞ்சக்குப்பம் வரை வருவார், வீடு வரை வருவார்,
அது வாய் திறக்கும் நாளில் பக்கத்தில் இருப்பார்.
அது திரும்பிப் போய் மறுபடி வந்தால்
இன்னொரு காவலர்.
உறைமேல் உறை.
போன வாரம் என் நிரல்
இந்தப் பேருந்தைவிட மெதுவாக ஊர்ந்தது.

நேற்று விடியலில், ஏலம் சூடாக இருக்கையில், உடைந்தது.
பிழைச் செய்தி நிதானமாகச் சொன்னது:
எதிர்பார்த்தது எண்.
வந்தது 'ரெண்டு கூடை'.
குற்றம்: அந்தப் பக்கம்.

ஒரு கணம் இனிக்கத்தான் செய்தது.
வகை சொன்ன பக்கத்தின்மேல் பழி விழாது என்று
நிரூபணமே இருக்கிறது, படித்திருக்கிறேன்.

சிங்காரத்தோப்பில் கணக்கெழுதும் தமயந்தியை
போனில் பிடித்தேன்.
'மத்தியை எவன் நிறுப்பான்?
அது கூடைக் கணக்கும்மா.
வஞ்சிரத்துக்குத்தான் தராசு.
உன்கிட்ட யார் எடைன்னு சொன்னா?'

யாரும் சொல்லவில்லை.
மீறியவன் பக்கத்தைக் காட்டும் பிழைச் செய்தி
ஒப்பந்தம் எழுதியவளைக் காட்டுவதில்லை.

காவலர் இறங்கிவிட்டார். விசில்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறுகையில்
மடியில் வைத்துத் திருத்துகிறேன்:
எண், அல்லது கூடை.

கூடை எவ்வளவு பெரியது என்று
இன்னும் கேட்கவில்லை.