இதர

இரண்டாம் நம்பர் கவுண்ட்டர் நான்.
கண்ணாடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு அரைவட்டம்,
அதற்கு அந்தப் பக்கம் ஜூலை மாதம்.

திராட்சைப் பந்தலைப் பிரித்துக் கட்டிய கல்லூரி இது.
ஜன்னலைத் திறந்தால் குமுளி மலை.
காலையில் மாட்டு லாரிகள் மேலே ஏறும்.
பத்து மணிக்கு ஷிபுவின் வேன் கீழே இறங்கும்,
கட்டப்பனைப் பிள்ளைகள் பதினொரு பேர்.
தலைக்கு இருபதாயிரம் ஷிபுவுக்கு.
இரண்டுக்கும் செக்போஸ்ட் ஒன்றுதான்.

ஒச்சம்மா வந்தபோது வரிசை வாசல்வரை நின்றது.
மகள் பவதாரிணி பின்னால்,
துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு.
ரூபாயை எண்ணித் தள்ளவில்லை ஒச்சம்மா.
"மொதல்ல சீட்ட வாசி தாயி. ஒண்ணொண்ணா."

கல்விக் கட்டணம் முப்பத்திரண்டாயிரம்.
"சரி."
பஸ்ஸுக்குப் பதினாலாயிரம்.
"எங்க ஜீப்புல பதினெட்டுப் பேரு, மடிமேல மடி.
இதுல எத்தன பேரு?"
வளர்ச்சி நிதி பத்தாயிரம்.
"யாரு வளர்றது?"
பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
கேட்கத்தான் கேட்டாள்.

எனக்குத் தெரியும்.
வரவு நோட்டு, செலவு நோட்டு
இரண்டிலும் என் கையெழுத்துதான்.
கம்பத்திலிருந்து லோயர் கேம்ப்வரை பிளெக்ஸ்,
கண்ணாடி முகப்புக் கட்டடத்துக்கு வட்டி,
ஆய்வுக் குழு வந்த மூன்று நாளைக்கு
வாடகைக்கு இறங்கிய நாற்பது கம்ப்யூட்டர்,
குழுவுக்கு அயிரை மீன் குழம்பு.
பேராசிரியர் தங்கமாயனுக்கு மாதம் பதினாலாயிரம்,
பவதாரிணியின் பஸ் கட்டணமும் அதே எண்.
முனைவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில்
ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிறார்.
ஒச்சம்மா பறித்த காயாகவும் இருக்கலாம்.

அரசுக் கல்லூரியில் அறுபது இடம்,
ஆயிரத்து நானூறு விண்ணப்பம்.
மிச்சப் பேர் எங்கே போவார்கள் என்று
எங்கள் சேர்மனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.
வங்கிக்காரர்கள் வராந்தாவில் மேசை போட்ட வருஷம்
கட்டணம் ஒரேயடியாக ஏறியது.
கையில் கடன் இருக்கிறது என்று தெரிந்த பிறகு
கடைக்காரன் விலையைக் கேட்டா வைப்பான்?
இங்கேதான் பி.காம் படித்தேன்.
என் சம்பளத்தில் மூவாயிரம்
அந்த மேசைக்கு இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது.

ஆய்வகம் ஆறாயிரம். நூலகம் இரண்டாயிரத்து ஐநூறு.
இதர, நாலாயிரம்.

"இதரன்னா?"

திரையைப் பார்த்தேன்.
மூன்று வருஷமாகத் தட்டும் சொல்.
"மத்ததும்மா."
"மத்தது என்னா?"
"அதான்... எல்லாத்தையும் சேத்து."
"எல்லாத்தையுந்தான் இப்ப வாசிச்சியே."

மொத்தம் அறுபத்தெட்டாயிரத்து ஐநூறு.
நாள் கூலி நானூற்று ஐம்பதால் வகுத்துப் பார்த்தேன்,
பழக்க தோஷம்.
நூற்று ஐம்பத்திரண்டு விடிகாலை ஜீப்,
அப்புறமும் நூறு ரூபாய் குறைகிறது.

மஞ்சள் பையிலிருந்து எடுத்தாள்.
நோட்டுகளில் ஏலக்காய் வாசம், கொஞ்சம் டீசல்.
எட்டு ஐநூறு நோட்டைத் தனியே பிரித்துப்
பைக்குள் திரும்ப வைத்தாள்.
"இதுக்கு ஆளு வந்து பேரச் சொல்லட்டும். தாரேன்."
"அம்மா, வேணாம்மா, குடுத்துரும்மா"
என்றாள் பவதாரிணி, அழுகிற குரலில்.
ஒச்சம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

குறைத்தால் மென்பொருள் ரசீது தராது.
சிவப்பாக ஒரு பெட்டி திறந்தது: காரணம்?
அதில் நானாக எதையும் எழுதக் கூடாது.
எழுதினேன்:
'விவரம் கேட்டுள்ளார்.'
அச்சுப்பொறி கொஞ்சம் யோசித்தது,
பிறகு துப்பியது.

அவர்கள் படி இறங்கும்போது
மூன்றாம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.
சேர்மன் அறையிலிருந்து போன் அடித்தது.
அதை எடுப்பதற்குள்
அரைவட்டத்தில் அடுத்த கை வந்து நின்றது,
சிமெண்டு காய்ந்த நகங்கள், பணம் இல்லாமல், விரித்தபடி.

"எங்களுக்கு அந்தக் கடேசி வரி
எவ்வளவு போட்டிருக்கீங்க?"