ஜோடி

திங்யான் விடுப்பு முடிந்து
பியாபொன்னிலிருந்து திரும்பிய சூ மார்
எனக்கென்று கொண்டுவந்தது இரண்டு ஆந்தைகள்.
காகிதக்கூழ். தங்கப் பூச்சு.
கண்ணைச் சுற்றி மைக்கோடு.
பெட்டை ஒரு விரல் குட்டை.
பகோடா வாசல் கடையில் பேரம் பேசாமல் வாங்கினாளாம்,
பேரம் பேசினால் பலிக்காதாம்.
அக்கா கையில் இனிமேல் பணம் நிற்கும் என்றாள்.
அவள் பர்மியத்தில் பாதி புரிந்தது,
மீதி உள்ளங்கையைக் குவித்து மூடிக் காட்டியதில்.

நான் திருப்பூர்க்காரி.
லைங்தாயாவில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் தரம் பார்ப்பவள்.
பிசிறு, ஓட்டை, எண்ணெய்க் கறை
எட்ட நின்றாலே என் கண்ணுக்குத் தப்பாது.
ஆனால் அந்த நிமிடம் என் முகத்தில் என்ன ஓடியதோ
எனக்குத் தெரியாது.
அவள் பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல் மிஷினுக்குப் போனாள்.

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல்
ஒருநாள் ஒன்று உட்கார்ந்து அலறியது.
மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக் கல் எறிந்தார்.
ஆந்தை பறந்துவிட்டது.
கல் பக்கத்து வீட்டு சோலார் குழாயில் விழுந்தது.
விடிந்து பார்த்தால் தெருவில் யாரும் சாகவில்லை.
பதினோராயிரம் ரூபாய் தண்டம்.
"பார்த்தியா, சொன்னேன்ல" என்றார்,
அதையும் ஆந்தைக் கணக்கில் எழுதி.

கம்பெனி வேன் ஓட்டும் சாமிக்கண்ணு
இங்கேயே பிறந்தவர், அவர் அப்பாவும் இங்கேதான்.
அவர் வீட்டில் முருகன் படத்துக்கு இடப்பக்கம்
இதே ஜோடி, நெற்றி நிறைய விபூதியோடு.
"பொம்மைன்னா துட்டும்மா."
மரத்துல உக்காந்து கத்துனா?
வண்டியை மெதுவாக்கி
கண்ணாடியை இறக்கி
வெளியே துப்பினார்.
"அது வேற."

அந்த மாதம் ஓடியது ஜெர்மனி ஆர்டர்.
நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாற்பதாயிரம் டீ-ஷர்ட்.
நெஞ்சில் ஓர் ஆந்தை,
மூக்குக் கண்ணாடியும் பட்டமளிப்புத் தொப்பியுமாக.
அங்கே அது அறிவாளியாம்.
கண்ணாடிக் காம்பு இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும்
கழித்துவிட வேண்டும்.
பகலெல்லாம் படித்த ஆந்தைகளைக் கழித்துக் கட்டிவிட்டு
அறைக்கு வந்தால்
ஃபிரிட்ஜ் மேலே பணக்கார ஆந்தைகள்.
சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன்.
தூக்கிப்போட மனசில்லை.
அதுகள் முன்னால் சோறும் இறங்கவில்லை.

காய்ச்சலில் மூன்று நாள் போகாமல் கிடந்தபோது
சூ மார் கஞ்சி கொண்டுவந்தாள்.
டம்ளரைத் தேடும் சாக்கில் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.
இரண்டு முதுகுகளையும் கண்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
திருப்பினாள்.
முந்தானையில் தூசி துடைப்பவள்போல்
லௌன்ஜி ஓரத்தால் பெட்டையின் கண்ணைத் துடைத்தாள்.
அப்போதுதான் கரண்ட் போனது.

ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம்.
அதிலிருந்து, நிஜமாகவே, ஒன்று கூப்பிட்டது.
நான் எண்ண ஆரம்பித்தேன், தமிழில், வாய்க்குள்.
ஒன்று.
இருட்டில் ஒரு ஜிப் திறக்கும் சத்தம்.
இரண்டு.
அவள் தன் பர்ஸைத் திறந்து
ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிறாள்,
மழைக்குப் பாத்திரம் வைப்பதுபோல.
மூன்று.
அதோடு நின்றுவிட்டது.
மூன்று என்றால் நல்லதா கெட்டதா
எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.
"எவ்வளவு சேர்ந்தது?" என்று கேட்டேன்.
செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்து
"இருநூறு சாட். முன்னாடியே இருந்ததுதான்" என்று சிரித்தாள்.

அவள் போனபிறகு
ஊருக்கு ஒரு போன் போட்டேன்.
அங்கே எட்டரை. மாமனார்தான் எடுத்தார்.
"என்னம்மா இந்நேரத்துல?"
சும்மாதான், என்றேன்.
பின்னால் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.
சாப்பிட்டாச்சா என்றார்.
ஃபிரிட்ஜ் மேலே நான்கு கண்கள்
என்னைப் பார்த்தபடி.
கஞ்சி, என்றேன்.