பழைய காலத்தை அழிக்கலாமா

சத்துவாச்சாரியில் டயர் கடைக்கு மேல்மாடி.
இரவு ஒன்றரை. தளத்தை மூடிவிட்டோம்:
‘பராமரிப்பு நடைபெறுகிறது, நான்கு மணிக்கு வருக.’
செத்தவங்களைத் தேடி இந்நேரத்துக்கு
யார் வரப்போறாங்க என்கிறான் தணிகாசலம்.
துபாயில் இப்போதுதான் பன்னிரண்டு என்கிறேன்.

முனிரத்தினம் சாரின் பத்திரிகையில்
முப்பத்தெட்டு வருடத்துக் கண்ணீர் அஞ்சலி,
நாற்பத்தோராயிரத்து இருநூற்று எட்டுப் பேர்.
ஆளுக்கொரு மாவட்டம் உண்டு.
எண்பத்தேழில் போனவர் வட ஆற்காடு.
தொண்ணூற்றிரண்டில் போனவருக்கு அதில் பாதி.
தொண்ணூற்றெட்டில் வேலூர்.
யாரோ ஒருவர் ‘வ.ஆ.மா’ என்றே அடித்துத் தள்ளியிருக்கிறார்
மூவாயிரம் இடத்தில்,
புள்ளி வைத்தும் வைக்காமலும்.

இன்றிரவு அவரவர் புது மாவட்டத்துக்கு.
ஆற்காட்டில் எரிந்தவர் ராணிப்பேட்டைக்கு.
வாணியம்பாடியில் புதைந்தவர் திருப்பத்தூருக்கு.
ஆதார் திருத்த வேண்டாம்,
தாலுகா ஆபீஸ் படியேற வேண்டாம்.
வரிசை எண் போட்ட ஐந்து ஸ்கிரிப்ட் போதும்.
ஒன்றை இரண்டு தரம் ஓட்டினாலும்
ஒரு தரம் ஓட்டிய மாதிரியே இருக்க வேண்டும்.
போனவரை மறுபடி போகவைக்கக் கூடாதே.

காலம் என்றுதான் தணிகாசலம் எழுதுவான்.
நெடுவரிசை என்றால்
ரேஷன் கடை ஞாபகம் வருகிறதாம்.
அவன் குறிப்புகள்:
‘புதுக் காலம் சேர்க்கவும்.’
‘காலம் காலியாக இருக்கக் கூடாது.’
ஐந்தாவதன் தலையில்
‘பழைய காலத்தை அழிக்கலாமா? கேட்டுச் சொல்லவும்.’
யாரைக் கேட்க.

பேக்கப் எடுத்தாயிற்று. அதைத் திறந்தும் பார்த்தாயிற்று.
கீழே நெடுஞ்சாலையில் லாரிகள்.
எண்கள் ஓடுகின்றன,
குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு,
சோளிங்கர் கடந்து
பதினேழாயிரத்து முன்னூற்று அறுபத்தாறில்
நின்றது.

அமுலு அம்மாள், வயது எழுபத்தொன்பது.
வசிப்பிடம்: ஆம்பூர், பெரியவன் வீட்டில் பதினைந்து நாள்,
வாலாஜா, சின்னவள் வீட்டில் பதினைந்து நாள்.

அப்படியே அச்சாகியிருக்கிறது.
யார் கொடுத்த வாசகம்,
மகனா, மருமகளா,
எந்தச் சண்டையின் பாக்கி,
இதற்கும் சேர்த்து
வார்த்தைக்கு இத்தனை என்று காசு கட்டியிருக்கிறார்கள்.

திருப்பத்தூரா, ராணிப்பேட்டையா,
சொல்லாமல் நகர மாட்டேன் என்கிறது ஸ்கிரிப்ட்.
தேதியைப் பாரு, என்கிறான்,
முதல் பதினைஞ்சுன்னா பெரியவன் கணக்கு.
பார்த்தேன்.
பதினைந்தாம் தேதி.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.
‘வேலூர்னு போடு. பஸ் மாறுற எடம்தானே.’
போட்டேன்.
பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.
ஆறாவதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், ஒரே வரி:
காலம் காலியாகவும் இருக்கலாம்.
நாலாவதில் நானே போட்ட கட்டளைக்கு எதிராக.

மிச்சமெல்லாம் மளமளவென்று முடிந்தது.
ஐந்தாவதை ஓட்டவில்லை.
ஒவ்வொன்றிலும் ஏற ஒரு பகுதி,
இறங்க ஒரு பகுதி எழுதுவது வழக்கம்.
அதில் இறங்கும் பகுதி காலியாகவே கிடந்தது.
பழைய காலம் பக்கத்திலேயே இருக்கட்டும்,
எந்தப் பக்கத்திலும் காட்டாமல்.

காலை எட்டரைக்கு முனிரத்தினம் சார்.
‘ஏம்மா, வேலூர்னு போட்டுத் தேடுறேன்,
எங்க அப்பா வர்லியே?’
எந்த ஊர் சார்.
‘கலவை.’
ராணிப்பேட்டைன்னு போட்டுப் பாருங்க சார்.
மூச்சு மட்டும் கேட்டது. கீபோர்டு தட்டும் சத்தம்.
‘இருக்காரு.’
பிறகு,
‘அங்க எப்பம்மா போனாரு?’

லாகைத் திறந்து பார்த்தேன்.
மூணு பத்துக்கு சார்.