பன்னிரண்டு லீற்றர்

சீனன்குடாவில் பழைய எண்ணெய் டாங்கிகளுக்கு
காடே வந்து நிழல் பிடிக்கிறது.
என்னுடையது பன்னிரண்டு லீற்றர்.
மேலே வெயில், கீழே என்ஜின்,
இரண்டு பக்கமும் என் தொடைகள்.

கரண்ட் மீற்றர் பார்க்கிறவனுக்கு
கேற்றுக்குக் கேற் நிறுத்தம்.
காற்றுப் பிடிக்க முன்னம் அடுத்த வீட்டு நாய்.

நசூர்தீன் டாங்கியைக் கழற்றினான்.
அடியில் கருகிய வயர், ஒரு குளவிக்கூடு.
பால்மாப் பேணியை வெட்டி, தட்டி நிமிர்த்தி
என்ஜினுக்கு மேலே கூரை போட்டான்.
அறுந்த பாட்டாவில் வட்டம் வெட்டி
போல்ட்டுக்குக் கீழே கொடுத்து
டாங்கியை ஒரு விரற்கடை உயர்த்தினான்.
"சூடு எங்கயும் போகாது அண்ணன்,
இடம் மாறும்."

மாறியது.
உப்புவெளி தாண்ட முன்னமே
முழங்காலில் வந்து குந்தியது.

பதினொன்றரைக்குப் பாலர் பாடசாலை வாசலில்
யதுர்சிகா முன்னால் ஏறினாள்.
வழக்கம்போல இரண்டு காலையும்
தவளை மாதிரித் தூக்கிப் பிடித்தாள்.
சாம்பல்தீவுப் பாலம் மட்டும் அப்படியே.
பிறகு ஒரு காலை விட்டுப் பார்த்தாள்.
கொஞ்சம் பொறுத்து
மற்றதையும்.

"அப்பா, பைக்குக்குக் காய்ச்சல் மாறிட்டுது."

ஓம் என்றேன்,
முழங்காலை அகட்டிக்கொண்டு.