பி லைன் நோட்டுகள்

வாளையாறு வன அலுவலகப் பின்னறையில்
மின்விசிறி சுற்றினால் கணினி அணைந்துவிடும்.
ஆகவே வியர்க்கிறேன்.

மேஜைமேல் பதினேழு நோட்டுகள்.
தண்டவாளக் காவலுக்குப் போகும் நஞ்சனும் ஷிஜுவும்
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி எழுதியவை.
திரையில் பதினெட்டாவது,
பைதான் நோட்புக்.
முதல் கட்டத்தில் இரண்டு வரி அடித்து
ஷிஃப்டோடு என்டரை அமுக்கினேன்.
ஓரத்தில் ஒரு நட்சத்திரம் கொஞ்சம் யோசித்து
ஒன்று என்ற எண்ணாயிற்று.
இவ்வளவுதானா?

எத்தனை வகை விலங்கு என்று கேட்டேன்.
ஆறு என்றது:
யானை, ஆனை, ஆன, கொம்பன், பிடி, பெரியவர்.
பெரியவர் நஞ்சனுடையது.
ராத்திரியில் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்குமாம்.
எல்லையின் இருபுறமும் நடக்கும் ஒன்றின்
ஆறு பெயரையும் அழித்து ஒன்றாக்க
ஒரே வரி போதும் என்பது
என்னவோ போலிருந்தது.

முதல் படம் பொய்.
இரண்டு மணிக்கு முன்னால் பத்தும் பதினொன்றும் நின்றன.
நேரத்தை எழுத்தென்று நினைத்து அடுக்கியிருக்கிறது.
எண்ணாக்கு என்றேன்,
பக்கம் முழுக்கச் சிவப்பாய்த் திட்டியது.
மேலிருந்து படித்துப் பயந்தேன்;
விஷயம் கடைசி வரியில் இருந்தது:
‘கோழி கூவறதுக்கு முந்தி’யை
எண்ணாக்கத் தெரியாதாம்.
எனக்குத் தெரியும். நாலு.

இம்முறை பகல் முழுவதும் தரை,
பதினொன்றில் ஒரு மேடு,
மூன்றில் மலை.
ரயில் நேரங்களைக் கோடுகளாக இறக்கினேன்.
இரண்டு கோடுகள்
மலையின் உச்சியில் போய்க் குத்தின.

ஒரு வரி மட்டும் படத்தில் சேரவில்லை.
ஆகஸ்ட் ஒன்பது. நேரம் காலி.
எண்ணிக்கை காலி.
பூஜ்யத்தால் நிரப்ப ஒரு கட்டளை இருக்கிறது,
வரியையே தூக்கிவிட இன்னொன்று.
அன்று காலை நானும் போயிருந்தேன்.
பூஜ்யம் இல்லை.

டார்ச் எடுக்க வந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள்.
மூன்றின்மேல் விரலை வைத்த நஞ்சன்
“அந்த வளைவுதானே” என்றார்,
நேரத்தை இடமாகப் படித்து.
ஷிஜு கேட்டான்:
“ஆ திவசம் எவிடெ?”
அவன் பாஷையில் அது வெறும் நாள்.
எனக்கு என் பாஷையில்தான் கேட்டது.

படத்தின் அடியில் எழுதினேன்:
பதிவுகள் நானூற்றுப் பன்னிரண்டு,
ஒன்று வரையப்படவில்லை.
சேமித்து,
கணினியை அணைத்து மின்விசிறியைப் போட்டேன்.
மூன்று மணி வண்டிக்கு
இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது.