எண்பது சதவீத வருகை

சட்டம் நிறைவேறிய மதியம்
கீழக்கரை பஸ் ஸ்டாண்டு டீக்கடை டிவியில் பார்த்தேன்.
ஏற்போர் ஆம் என்க என்றார் பேரவைத் தலைவர்.
ஆம் என்றார்கள்.
மறுப்போர் இல்லை என்க.
யாரோ இருமினார்கள்.
அதற்குள் என் பஸ் வந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து
சின்ன ஏர்வாடிக்கு ஒரு டெம்போவில் வந்திறங்கியது அதே சட்டம்:
பத்துத் தையல் மெஷின், ஒரு பேனர்,
விரல் வைக்க ஒரு கருவி,
டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் நான்,
பதினோரு மாத ஒப்பந்தத்தில்.

முப்பது பேர் சேர்ந்தார்கள்.
விண்ணப்பத்தில் ஆறாவது கட்டம், முன் அனுபவம்.
பன்னிரண்டு வயதில் முதல் முங்கு போட்ட
சவேரியம்மாளுக்கு இப்போது நாற்பத்தொன்று.
முள்ளித்தீவுப் பக்கம் வல்லத்தில் போய்
மூச்சைக் கட்டி இறங்கி
பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பிய்க்கிறவள்.
கட்டத்தில் மூன்றே தேர்வுகள்:
தொழிற்சாலை, அலுவலகம், இல்லை.
இல்லை என்று நிரப்பினேன்.
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவள்
"எழுத்து அழகா இருக்கு" என்றாள்.

பிரிவு ஒன்பது தெளிவாகத்தான் இருக்கிறது.
எண்பது சதவீத வருகை. விரல்ரேகை வழியாக மட்டும்.
குறைந்தால் உதவித்தொகை இல்லை,
சான்றிதழ் இல்லை, திருப்பூர் கம்பெனி வேலையும் இல்லை.

முதல் நாள் ஜெபஸ்தியா கட்டைவிரல் வைத்தாள்.
மீண்டும் முயற்சிக்கவும்.
ஆட்காட்டி விரல்.
மீண்டும் முயற்சிக்கவும்.
உம்முஹபீபா முந்தானையில் துடைத்து வைத்தாள்.
தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைத்தாள்.
மீண்டும்.
விரலுக்குத் துணி சுற்றித்தான் போகிறார்கள்.
பாறை துணியையும் அறுக்கிறது.
ரப்பர் வைத்து அழித்த தாள் மாதிரி
முப்பது கட்டைவிரல்.

ராமநாதபுரத்துக்குப் போன் போட்டேன்.
"ஆள் இருக்காங்களா இல்லியா?"
இருக்காங்க சார், எதிர்லதான் நிக்கிறாங்க.
"மெஷின் என்ன சொல்லுது?"
இல்லைங்குது.
"அப்ப இல்லைன்னே இருக்கட்டும்."

பிறகு கச்சான் காற்று எழுந்தது.
கடல் கலங்கி அடிப்பாறை தெரியவில்லை,
வல்லம் இறக்கவில்லை யாரும்.
தினமும் சரியாக ஒன்பதரைக்கு வந்தார்கள்.
பதினோராம் நாள்
சவேரியம்மாளின் இடது மோதிர விரலுக்குப் பச்சை விளக்கு.
நன்றி, பதிவு செய்யப்பட்டது என்றது ஒரு பெண்குரல்.
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.
மறுநாள் ஏழு பேர். அதற்கு மறுநாள் பத்தொன்பது.
செய்யதம்மா கடைக் கடன் நோட்டிலும்
அதே வேகத்தில் பெயர்கள் ஏறின.

பரமக்குடி பஸ்ஸில்
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது.
வேலை தர வந்த கருவிக்கு
வேலையில்லாத கையை மட்டும்தான் அடையாளம் தெரிகிறது.

காற்று விழுந்தது.
அமாவாசைக்கு மூன்று நாள் முன்பிருந்து
வகுப்பில் பத்து மெஷினும் நானும்.
உச்சிவெயிலில் பேனரின் ஒரு முனை அவிழ்ந்து
சிரிக்கும் பெண்ணின் பாதி முகத்தை மூடிக்கொண்டது.
கட்டிவிடலாம் என்று எழுந்து, கட்டாமல் உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு வாசலில் ஈரம்.
சேலைக்கு மேல் புருஷன் சட்டை,
நெற்றியில் ஏற்றிவிட்ட முக்குளிக் கண்ணாடி,
அவளுக்குப் பின்னால் பதினாறு பேர்.
"இப்ப நடத்துங்க. ஆறு வரைக்கும் இருக்கோம்."
வருகை ஏறாதுக்கா.
"வருகை உங்களுக்கு. தையல் எங்களுக்கு."

உப்புப் பட்டால் பாபின் துருப்பிடிக்கும் என்று
கையேட்டில் பதினான்காம் பக்கம் சொல்கிறது.
நான் வாசிக்கவில்லை.
காலர் வெட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.
ஜெபஸ்தியாவின் விரலில் நூல் சிக்கியபோது
அவள் வலியைக் கவனிக்காமல்
துணியில் சிவப்பு படாமல் பார்த்துக்கொண்டாள்.

மாதக் கடைசி. அறிக்கை போக வேண்டும்.
பயன்பெற்றோர் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
கர்சர் துடிக்கிறது.
அதற்கு முன் என் வருகையைக் கேட்டது கருவி.
கட்டைவிரலை வைத்தேன்.
முதல் தடவையிலேயே
பச்சை.