லேத்திதேயோஸ்

அகராதியில் அவனுக்கு ஒன்றரை வரி:
"லேத்திதேயோஸ் — கடனை மறப்பவன்.
கேலிச்சொல். இப்பெயரில் ஆள் எவரும் அறியப்படவில்லை."

அவனுக்கு மேலே,
பயறுக்கஞ்சிச்சட்டிவழித்துநக்கி,
கிரேக்கத்தில் மூச்சு விடாமல் சொல்ல வேண்டிய ஒரே சொல்.
கீழே, திராட்சை மிதிக்கும் தொட்டியிலேயே
தூங்கிப்போகிறவன்.
நல்ல அண்டை வீட்டார்.

நாடகம் போய்விட்டது.
எலி தின்றதோ, எவனாவது அதில்
மத்தி மீன் சுற்றிக்கொண்டு போனானோ.
ஒரு சொல் மட்டும் கரையேறியிருக்கிறது.

எனக்கு வேலை பிரேயஸ் கிடங்கில்,
உடைந்த கற்களுக்கு எண் போடுவது.
வெள்ளிக்கிழமை துடைத்த கல்லில் மூன்றே எழுத்து:
மி, நி, ஈட்டா.
நினைவில் தொடங்குகிற பெயர்.
மினேசிக்ளேஸ் ஆகலாம், மினேசார்கோஸ் ஆகலாம்.
நான் மினேசிதேயோஸ் என்று வைத்துக்கொண்டேன்:
கடவுளை நினைவில் வைத்தவன்.
ஆதாரம் கிடையாது.
அறிக்கையில் எழுத முடியாததை
இங்கே எழுதுகிறேன்.

இரண்டு விலாங்கு மீன், அவ்வளவுதான் கடன்.
அதுவும் மாமனார் வந்திருந்த அன்று வாங்கியது.
விலாங்குக்காரன் ஸ்மிக்கிரியோன்
நான்கு முறை கேட்டான்.
ஐந்தாம் முறை
நாடகம் எழுதுகிற தன் மருமகனிடம் சொன்னான்.

குளிர்கால விழா. மரப்பலகையில் ஈரம்.
முகமூடி போட்டவன் வாசலில் நின்று கூவுகிறான்:
"லேத்திதேயோஸே, வீட்டில் இருக்கிறீரா,
இல்லை, அதையும் மறந்துவிட்டீரா?"
முதலில் சிரித்தவன் இவன்தான்.
தொடையில் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.
பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்தபோது
வாய் திறந்தபடி இருந்தது,
சத்தம் மட்டும் நின்றது.

மறுநாள் விடியும் முன்பே போய்
வட்டியோடு எண்ணி வைத்தான்.
ஸ்மிக்கிரியோன் ஒவ்வொரு காசையும் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு
"நன்றி, லேத்திதேயோஸ்" என்றான்,
கிண்டலே இல்லாமல்.
அதற்குள் அதுவே பெயராகியிருந்தது.

முப்பது வருஷம் தெருவும் துறைமுகமும்
அப்படியே அழைத்தன.
மனைவி மட்டும் கல்தச்சனிடம்
எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி
ஒன்றும் குறையாமல் வெட்டச் சொன்னாள்,
பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்தாள்.

கல் உடைந்தது.
கேலியில் ஓர் எழுத்தும் உதிரவில்லை.

படிவத்தில் நிரப்பினேன்:
ஆண். பெயர் முழுமையற்றது. அளவு, எடை.
விளக்கணைத்துப் படியிறங்கும்போது
காப்பிக்கடை ஸ்தாமாதிஸ்
தெருவுக்கே கேட்கும்படி
என் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்.
செவ்வாய்க்கிழமையிலிருந்து இரண்டு காப்பி.
ஓடினேன்.